ஊசி செலுத்தச் சம்மதிக்கிறேன்

விழுப்புரம்
25.08.2025, திங்கள்

அன்புள்ள அத்தைக்கு,

இனியவன் எழுதுகிறேன். இங்கே மூவரும் உயிரோடு இருக்கிறோம். உங்கள் முழங்கால் வலி எந்த அளவில் இருக்கிறது என்று எழுதவும்.

தாசில்தார் வழக்கம்போல் எந்த வேலையும் செய்யாமல் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்திருக்கிறார். மனுதாரர் அவருக்கு எதிரில் முன்னங்கால்களைத் தூக்கியபடி நிற்கிறார். கடையிலிருந்து கொண்டுவந்த அன்றே இரண்டு முயல்களும் இப்படித்தான் இருந்தன என்று சொல்லிக் கலைப்பிரியா இந்தப் பெயர்களை வைத்தாள். மூன்று வருடம் ஆகிறது; நிர்வாகத்தில் முன்னேற்றம் இல்லை. போன வாரம் தரையில் வைத்திருந்த என் விடுப்பு விண்ணப்பத்தைத் தாசில்தார் பரிசீலித்துப் பாதியைத் தின்றுவிட்டார். மீதிப் பாதியைப் பள்ளியில் கொடுத்தேன். அரை நாள் விடுப்பு கிடைத்தது.

எழுதுவதற்குக் காரணம் வேறு. நேற்று முகையூரிலிருந்து அம்சா அக்காவின் வீட்டுக்காரர், விருத்தாசலம் மாமா, வந்திருந்தார். அவர்கள் ஊருக்குப் பக்கத்தில் கறிக்காக முயல் வளர்க்கும் பண்ணை ஒன்றில் இரண்டே நாளில் முப்பத்தைந்து முயல்கள் செத்துவிட்டனவாம். "சாயங்காலம் நல்லாத்தான் தின்னுக்கினு இருந்துச்சி. காலையில பாத்தா காலை நீட்டிக்கினு கெடக்குது. மூக்குல ரத்தம். தொத்து வியாதிங்கறாங்க" என்றார். சொல்லிக்கொண்டே, நம் முயல்களுக்கென்று தலையில் சுமந்து வந்த கடலை ஆய்ந்த மல்லாட்டைக் கொடிக் கட்டு ஒன்றை என் கையில் கொடுத்தார். அந்தப் பண்ணையை ஒட்டிய நிலத்தில் பிடுங்கியது. அவர் போனதும் கட்டைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு மூன்று முறை கை கழுவினேன். அப்புறம்தான் நினைத்தேன், சட்டையை மாற்றவில்லை.

இதற்குத் தடுப்பூசி இருக்கிறதாம். போடலாமா என்று உங்களைக் கேட்கிறேன். ஏனென்றால் அவர்கள் உங்களுடையவர்கள். கலைப்பிரியா தன் நோட்டில் கடைசியாக எழுதிய வரி, "முயல் ரெண்டும் அம்மாவுக்கு." நான் காப்பாளர் மட்டும்தான். கருமாதியன்று நீங்கள் சொன்னபடி ஒன்றரை வருடமாக வாசலுக்கு வரவில்லை, போன் செய்யவில்லை. எழுதித்தான் கேட்க முடிகிறது.

பதில் எழுதவும்.

அன்புடன்,
இனியவன்

*

திண்டிவனம் – 604001
29.08.2025

மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். கடிதம் நேற்று வந்தது. உறையில் பின்கோடு இல்லை. முப்பத்து நான்கு வருடம் தபால் கவுன்டரில் உட்கார்ந்தவளுக்குப் பின்கோடு இல்லாமல் கடிதம் போடுவது, குளிக்காமல் கோவிலுக்கு வருவது மாதிரி. யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் தெரியும்.

முழங்கால் இருக்கிறது.

நீங்கள் கேட்டது வேண்டாம். அவர்கள் இருவரும் இந்த ஒன்றரை வருடமாக உங்கள் வாசல்படியைத் தாண்டியதில்லை. இரண்டாவது மாடியில், கட்டிலுக்கு அடியில் இருக்கும் ஜீவனுக்கு நோய் எந்தப் பேருந்தில் ஏறி வரும்? முகையூர் முயலுக்கு வந்தால் முகையூரோடு போகட்டும். நன்றாக இருப்பவர்களைக் குத்தி ஏன் சோதிக்க வேண்டும்?

இன்னொன்று. நீங்கள் எழுதிய அந்தச் சொல்லை நான் இந்த வீட்டில் சொல்வதில்லை. போன மாதம் தையல் மெஷினில் அது உடைந்தபோதுகூடக் கடைக்காரனிடம் உடைந்த துண்டைக் காட்டித்தான் வேறு வாங்கினேன். "இன்னாம்மா, பேரு தையல்நாயகி, ஊசின்னு வாயில வரமாட்டேங்குதா?" என்று கேட்டான். சிரித்துவிட்டு வந்தேன்.

உங்கள் மாமா மல்லாட்டைக் கொடி கொடுப்பதற்காக மட்டும் முகையூரிலிருந்து வந்திருக்க மாட்டார். பெண் பார்த்திருக்கிறார்கள் என்றால் சொல்லுங்கள். உங்களுக்கு முப்பத்தாறு வயது. நான் தடுக்கிறவள் இல்லை. ஆனால் வருகிறவளுக்கு முயல் பிடிக்காமல் போனால் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். எனக்கு எழுதுங்கள். நானும் கருமாதிக்கு முன்னால் இரண்டு நாள் வைத்திருந்து பார்த்தேன், உங்களுக்குத் தெரியும். மனுதாரர் என் காலடியில் வந்து நின்றது. அவளிடம் நிற்கும் அதே நிலை. என்னால் முடியவில்லை, திருப்பி அனுப்பினேன்.

ஒன்றை வெளிப்படையாகவே எழுதிவிடுகிறேன். எனக்கு வரும் கடிதங்களில் "அன்பார்ந்த வாடிக்கையாளரே" என்று தொடங்காதது உங்களுடையது மட்டும்தான். முயல்கள் இருப்பதால்தான் நீங்கள் எழுதுகிறீர்கள். அவர்கள் இல்லாவிட்டால் நமக்குள் எழுத என்ன இருக்கிறது?

அதனால்தான் வேண்டாம் என்கிறேன்.

இப்படிக்கு,
தையல்நாயகி

*

விழுப்புரம்
02.09.2025, செவ்வாய்

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் எந்தக் காரணத்துக்காக வேண்டாம் என்கிறீர்களோ, அதே காரணத்துக்காகத்தான் நான் வேண்டும் என்கிறேன்.

இங்கே டாக்டர் வெண்ணிலா என்று ஒருவர் பிராணிகளுக்குச் சிறிய மருத்துவமனை வைத்திருக்கிறார். நேற்று சாயங்காலம் போனேன். வரவேற்பில் இருந்தவர், "இன்னா பிராணி?" என்று கேட்டார். "முயல்." "கறிக்கா?" "இல்லீங்க, வீட்ல வளக்கறது." "அப்புறம் எதுக்குங்க அதுக்கு வைத்தியம்?" என்றார். பதிவேட்டில் பசு, எருமை, ஆடு, கோழி, நாய், பூனை, கிளி இருந்தன. முயல் இல்லை. கொஞ்சம் யோசித்து, "ஆடு, சிறியது – 2" என்று எழுதிக்கொண்டார். தாசில்தாரின் பணி வரலாற்றில் இதுதான் முதல் பதவி இறக்கம்.

டாக்டரிடம் நீங்கள் கேட்ட கேள்வியையே கேட்டேன். வீட்டுக்குள் இருப்பவர்களுக்கு எப்படி வரும்? அவர் என் காலைப் பார்த்தார். "முயல் வெளிய போகாது சார். நீங்க போறீங்கல்ல? உங்க செருப்பு போகுதில்ல? புல்லு வெளியேந்துதானே வருது? ஈ உங்களக் கேட்டுக்கினா உள்ள வருது?" என்றார். இந்தக் கிருமி ஈரலைத் தாக்குமாம். வந்த பிறகு மருந்து கிடையாது. வருவதற்கு முன்னால் ஊசி ஒன்றுதான் வழி.

ஆக, அத்தை, நோய் எந்தப் பேருந்தில் வரும் என்று கேட்டீர்கள். நான் ஏறும் பேருந்தில்தான்.

இந்த ஊசி நம் ஊர்க் கடைகளில் கிடைப்பதில்லை. டாக்டருக்குத் தெரிந்த வெளிநாட்டு அம்மா ஒருவர் ஆரோவில்லில் ஏழு முயல் வளர்க்கிறார். அனுமதி வாங்கி ஒரு குப்பி வரவழைத்திருக்கிறார். குப்பி பத்துப் பேருக்கானது. திறந்தால் அன்றே தீர்த்துவிட வேண்டும். மூன்று பேருக்கானது மிச்சம். அந்த வீட்டில் வேலை செய்யும் குயிலாப்பாளையம் லூர்துமேரி அக்காவை டாக்டரிடம் பார்த்தேன். "முயலுக்குத் தனி ரூமு, தனி ஃபேனு சார். அடுத்த ஜென்மத்துல முயலாப் பொறந்தாலும் அந்த வீட்டுல பொறக்கணும்" என்றார்.

இந்த மாதம் 21, ஞாயிற்றுக்கிழமை, குப்பியைத் திறக்கிறார்கள். அதை விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. டாக்டர் உரிமையாளரின் கையெழுத்து கேட்கிறார். படிவம் இணைத்திருக்கிறேன். பசு முதல் கிளி வரை எல்லாவற்றுக்கும் இதே ஒரே படிவம்தான்: "மேற்படி பிராணிக்கு ஊசி செலுத்த முழு மனதுடன் சம்மதிக்கிறேன். விளைவுகளுக்கு நானே பொறுப்பு."

கையெழுத்திட்டு அனுப்புங்கள்.

இனியவன்

*

திண்டிவனம் – 604001
06.09.2025

மாப்பிள்ளைக்கு,

படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்துப் போடவில்லை. இந்த முறையும் பின்கோடு இல்லை.

நீங்கள் எழுதியதில் தவறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. செருப்பு, ஈ, புல் எல்லாம் சரி. நான் படிவத்தைக் கையில் எடுத்தேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டேன். பேனாவையும் திறந்தேன். "ஊசி செலுத்த", "முழு மனதுடன்", "நானே பொறுப்பு". அதே மூன்று. அச்சடிக்கிறவர்கள் எல்லாரும் ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுவார்கள் போலிருக்கிறது.

நீங்கள் அன்று ரத்தத்துக்காக அலைந்துகொண்டிருந்தீர்கள். நான் மூன்று மணிக்கு அந்த ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தேன். கலைப்பிரியா கண் முழுக்க மஞ்சள். என்னைப் பார்த்து, "சாப்டியாம்மா?" என்று கேட்டாள். நர்ஸ் காகிதத்தை நீட்டினாள். "கையெழுத்துப் போடுங்கம்மா, ஊசி போடணும்." வாழ்நாளில் படிக்காமல் எந்தத் தாளிலும் நான் கையெழுத்துப் போட்டதில்லை. அன்று போட்டேன். கவுன்டரில் முத்திரை குத்துகிற வேகத்தில் போட்டேன். ஐம்பது நிமிடம்தான். அப்புறம் அவளைத் துணியால் மூடினார்கள்.

நான் கையெழுத்துப் போட்டேன், அவள் போனாள். இரண்டுக்கும் சம்பந்தம் இல்லை என்று டாக்டர் சொன்னார். அவர் படித்தவர், அவரால் அப்படி நினைக்க முடியும்.

என் கையெழுத்தைக் கேட்காதீர்கள், மாப்பிள்ளை. வேறு எதை வேண்டுமானாலும் கேளுங்கள்.

தையல்நாயகி

*

விழுப்புரம்
10.09.2025, புதன்

அன்புள்ள அத்தைக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று முறை எழுதினேன். முதல் இரண்டையும் தாசில்தாரிடம் சமர்ப்பித்துவிட்டேன். அவருக்குப் பிடித்திருந்தது.

அந்தக் காகிதத்தை உங்களிடம் மூன்று மணிக்கு நீட்டினார்கள். என்னிடம் காலை ஒன்பதரைக்கே நீட்டிவிட்டார்கள்.

இது உங்களுக்குத் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். தெரிந்துதான் கருமாதியன்று "இனி இந்த வாசலுக்கு வர வேண்டாம்" என்றீர்கள் என்று நினைத்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரியாது என்று தெரிந்தது. தெரியாமலேயே விட்டிருக்கலாம். ஆனால் நீங்கள் உங்களைக் குற்றவாளி என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, குற்றவாளியே சும்மா இருக்க முடியாது.

நான்கு பக்கம். நான் படித்தேன். பள்ளி ஆய்வகத்தில் அமில பாட்டிலின் சீட்டைப் படிக்கிறவன் இல்லையா, ஒரு வரி விடாமல் படித்தேன். "இன்னா சார், படிச்சிக்கினே இருக்கீங்க? ஜல்தியா போடுங்க" என்றார் வார்டு உதவியாளர். "நானே பொறுப்பு" என்ற வரிக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டேன். "எங்க அத்தை திண்டிவனத்துலேந்து வந்துக்கினு இருக்காங்க. பெத்தவங்க, அவங்க வந்து போடுவாங்க" என்றேன். அப்புறம்தான் ரத்தம் தேடப் போனேன். அலைந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓடிப்போனேன் என்பதுதான் சரி. ஐந்தரை மணி நேரம் அந்த ஊசி அவளுக்காகக் காத்திருந்தது. காலையிலேயே போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் யாரையும் கேட்டதில்லை. பதில் வந்துவிடுமோ என்ற பயம்.

உங்களைக் கொல்வது கையெழுத்து என்றால், என்னைக் கொல்வது கையெழுத்துப் போடாதது. அதனால்தான் இந்த முயல்களுக்குத் தாமதமாகக் கூடாது என்று பறக்கிறேன்.

மறைத்த இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை முகையூர் போனேன், பெண் பார்க்கத்தான். அக்கா அழுதாள், போனேன். வீட்டில் இரண்டு முயல் இருக்கிறது என்றேன். பெண்ணின் அப்பா ஆர்வமாகி, மிளகு போட்டால் நன்றாக இருக்குமா, மசாலா போட்டால் நன்றாக இருக்குமா என்று கேட்டார். திரும்பி வந்துவிட்டேன்.

படிவத்தை மறுபடியும் வைத்திருக்கிறேன். 21-ஆம் தேதிக்கு இன்னும் பதினொரு நாள். நானே உங்கள் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடலாம். டாக்டர் கேட்கப் போவதில்லை. பேனாவை எடுத்தால் கை நிற்கிறது, அத்தை.

இனியவன்

*

விழுப்புரம்
15.09.2025, திங்கள்

அன்புள்ள அத்தைக்கு,

அவசரம். மனுதாரர் சனிக்கிழமையிலிருந்து சாப்பிடவில்லை. நிற்பதில்லை, ஒரு பக்கமாகப் படுத்திருக்கிறார். காது மஞ்சளாக இருக்கிறது. டாக்டர் வெண்ணிலா வீட்டுக்கே வந்து பார்த்தார். "ரொம்ப நாள் இழுத்துக்கினு இருக்க வேணாம் சார். அத்தைகிட்டக் கேளுங்க. ஊசி போட்டுடலாம்" என்றார்.

உங்கள் சம்மதம் இல்லாமல் செய்ய எனக்குத் தைரியம் இல்லை. படிவம் உங்களிடம் இருக்கிறது. சீக்கிரம்.

இனியவன்

*

திண்டிவனம் – 604001
17.09.2025

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உங்கள் இன்லேண்ட் கடிதம் இன்று மதியம் வந்தது. மனுதாரர் படுத்துவிட்டது என்று படித்ததும் எழுந்து போய்ச் சாமி விளக்கை ஏற்றினேன். ஆனால் டாக்டரே வீட்டுக்கு வந்து பார்த்து, ஊசி போட்டுவிடலாம் என்று சொன்னது ஒரு தெம்பு. 21-ஆம் தேதி வரைக்கும் காத்திருக்கச் சொல்லாமல் இப்போதே போடுகிறார்களே, நல்லவர்.

போடுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரு வரி விடாமல் படித்துவிட்டுத்தான் போட்டேன். "ஊசி" என்று இந்தக் கடிதத்தில் நானாகவே எழுதிவிட்டேன் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை. சுவர் அப்படியே இருக்கிறது.

இருவருக்கும் சேர்த்தே போட்டுவிடுங்கள். ஒருவருக்குப் போட்டு ஒருவரை விடக் கூடாது. இத்தனை நாள் சேர்ந்தே இருந்தவர்கள். வலிக்காமல் போடச் சொல்லுங்கள். பிடித்துக்கொள்ளும்போது காதைப் பிடிக்காதீர்கள், நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள், கலைப்பிரியா அப்படித்தான் தூக்குவாள். அவள் இருந்திருந்தால் என்றைக்கோ போடச் சொல்லியிருப்பாள். நான்தான் தாமதப்படுத்திவிட்டேன். மனதிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

உங்கள் பத்தாம் தேதிக் கடிதத்துக்கு ஒரு வார்த்தை. நான் உங்களை வர வேண்டாம் என்றது கோபத்தால் இல்லை. "கையெழுத்து யார் போட்டது?" என்று நீங்கள் கேட்டுவிடுவீர்களோ என்று பயந்து சொன்னேன். நீங்களும் இதே பயத்தில் வராமல் இருந்திருக்கிறீர்கள். முப்பத்தெட்டு கிலோமீட்டர். இரண்டு பேர் இரண்டு முனையிலும் ஒரே கேள்விக்குப் பயந்து உட்கார்ந்திருக்கிறோம். தபால் துறை மட்டும் பிழைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மகாளய அமாவாசை. அவளுக்குப் படைக்கிறேன். நீங்கள் எங்காவது கிளம்புவதாக இருந்தால் காலையிலேயே கிளம்புங்கள். மேல்மலையனூர் கோவில் கூட்டத்தில் பேருந்து கிடைக்காது.

இதை நாளைக் காலை கவுன்டரில் முதல் ஆளாக நின்று அனுப்புவேன். பதிவுத் தபால் என்ற பெயரையே இந்த மாதத்தோடு எடுத்துவிடுகிறார்களாம். எல்லாம் விரைவுத் தபால்தானாம். எப்படியோ, சீக்கிரம் வந்தால் சரி.

மனுதாரர் எழுந்து நின்றதும் எழுதுங்கள்.

அன்புடன்,
அத்தை

*

விழுப்புரம்
22.09.2025, திங்கள்

அன்புள்ள அத்தைக்கு,

மனுதாரர் போய்விட்டார். வெள்ளிக்கிழமை, 19-ஆம் தேதி, காலை பத்து மணி சுமாருக்குத் தானாகவே உயிர் பிரிந்தது. கஷ்டப்படவில்லை. கலைப்பிரியா பிடிக்கும் மாதிரி நெஞ்சோடு அணைத்துத்தான் வைத்திருந்தேன்.

உங்கள் கடிதம் சனிக்கிழமைதான் என் கைக்கு வந்தது. அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. ஆகவே உங்கள் படிவத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று, கிழித்துப் போட்டுவிட்டேன். இதை நீங்கள் தெளிவாகத் தெரிந்துகொள்ள வேண்டும். உங்கள் கையெழுத்துக்கும் மனுதாரர் போனதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நீங்கள் எதற்கும் பொறுப்பில்லை.

வந்தது என் காலோடு வந்தது. முகையூரிலிருந்து திரும்பிய அன்று செருப்பை வாசலிலேயே விட்டேன். காலைக் கழுவவில்லை. பண்ணையைத் தாண்டித்தான் பெண் வீட்டுக்கு நடந்தேன். அந்த நோய்தான் என்று உறுதியாகச் சொல்ல ரத்தத்தை வேறு ஊருக்கு அனுப்ப வேண்டும் என்கிறார் டாக்டர். எனக்கு உறுதி தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தாசில்தாருக்குத் தடுப்பூசி போட்டாயிற்று. ஏழு முயல் இருக்கும் வீட்டுக்கு அவரைக் கொண்டுபோகக் கூடாது என்று டாக்டரே ஆரோவில்லிலிருந்து ஐஸ் பெட்டியில் மருந்தைக் கொண்டுவந்தார். காய்ச்சல் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் போட்டார். ஏற்கெனவே தொற்றியிருந்தால் இது காப்பாற்றாது. பத்து நாள் பார்க்க வேண்டும். அதற்கான புதுப் படிவத்தில் நானே கையெழுத்துப் போட்டேன். "நானே பொறுப்பு" வரைக்கும் படித்து, அதற்குக் கீழே போட்டேன். ஒன்றரை வருடம் தாமதம்.

தாசில்தார் அதிகம் சாப்பிடுவதில்லை. கட்டிலுக்கு அடியில் அவருடைய இடம் காலியாக இருக்கிறது. மனுதாரர் நிற்கும் இடத்தில் வந்து, முன்னங்கால்களைத் தூக்கி, அந்தக் காலி இடத்தைப் பார்த்து நிற்கிறார்.

இனி எழுதுவதற்குப் பாதி விஷயம்தான் இருக்கிறது, அத்தை.

இனியவன்

*

திண்டிவனம் – 604001
26.09.2025

அன்புள்ள இனியவனுக்கு,

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்தது. படித்துவிட்டு நேற்று தபால் நிலையத்துக்குப் போனேன். கவுன்டரில் இருக்கும் சங்கவி நான் வேலை கற்றுக்கொடுத்த பெண். என் விரைவுத் தபால் ரசீதைக் கொடுத்தேன். கணினியில் தட்டிப் பார்த்துவிட்டு, "பத்தொம்பதாம் தேதியே குடுத்துட்டாங்கம்மா. காலையில பதினொன்னு நாப்பத்திரண்டு. கையெழுத்துகூட வாங்கிருக்காங்க, இனியவன்னு இருக்குது. பாக்கறீங்களா?" என்றாள். பார்த்தேன். உங்கள் கையெழுத்துதான். போன் திரையில் விரலால் போட்டதுபோல் கோணலாக இருந்தது.

பொய் சொல்வதற்குக் கொஞ்சம் அலுவலக அனுபவம் வேண்டும், மாப்பிள்ளை. தபால்காரியிடம் தபால் வந்த தேதியை மாற்றிச் சொல்லக் கூடாது.

ஒருவர் ஒரு நாளைத் தள்ளி வைக்கிறார் என்றால் அந்த நாளில் ஏதோ நடந்திருக்கிறது. வீட்டுக்கு வந்து உங்கள் இன்லேண்ட் கடிதத்தை மறுபடியும் எடுத்தேன். "ரொம்ப நாள் இழுத்துக்கினு இருக்க வேணாம்." முதல் முறை இந்த வரியைத் தாண்டி "ஊசி" என்ற சொல்லுக்கு ஓடிவிட்டேன். ஒரு மாதமாக நமக்குள் ஒரே ஊசிதான் இருந்தது. இன்னொரு ஊசி இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் வெறி பிடித்த நாய்க்குக்கூட "ஊசி போட்டுட்டாங்க" என்றுதான் சொல்வார்கள். தமிழில் காப்பாற்றுவதற்கும் அனுப்பிவைப்பதற்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறோம். படிவமும் ஒன்றுதான்.

நான் எழுதியதையும் நினைத்துப் பார்த்தேன். "இருவருக்கும் சேர்த்தே போட்டுவிடுங்கள்." அதைப் படித்தபோது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்! நன்றாக இருக்கும் தாசில்தாருக்கும் சேர்த்துப் போடச் சொல்கிறாளே என்று ஒரு நிமிடம் திகைத்திருப்பீர்கள். அடுத்த நிமிடமே, இவள் வேறு ஊசியைச் சொல்கிறாள் என்று தெரிந்திருக்கும். தெரிந்தும், மறுபடியும் எழுதிக் கேட்க நேரமில்லாமல், படுத்திருந்ததைப் பார்க்கப் பொறுக்காமல், அந்தப் படிவத்தை டாக்டரிடம் கொடுத்திருக்கிறீர்கள். அப்புறம் எனக்காகக் கிழித்ததாக எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் கோபம் வந்தது. பிழைக்க வைக்கப் போட்ட கையெழுத்து இது. இரண்டாவது முறையும் என் கையெழுத்துக்குப் பின்னால் ஒரு உயிர் போயிருக்கிறது. இன்று விடியற்காலை வரைக்கும் அந்தக் கோபத்தோடுதான் இருந்தேன்.

அப்புறம் உங்கள் வரியையே படித்தேன். "கடிதம் சனிக்கிழமைதான் வந்தது." எனக்கு ஆறுதல் சொல்வதற்காக நீங்கள் தேர்ந்தெடுத்த பொய், என் கையெழுத்து தாமதமாக வந்தது என்பது. வேறு எந்தப் பொய்யை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். என் கையெழுத்து அன்று ஆஸ்பத்திரியில் ஒருமுறை தாமதமாகத்தான் போயிற்று. உங்களால் கொஞ்சம், என்னால் கொஞ்சம், பேருந்தால் கொஞ்சம். அவள் ஐந்தரை மணி நேரம் காத்திருந்தாள். மனுதாரரும் காத்திருந்தது, சனிக்கிழமையிலிருந்து. வெள்ளிக்கிழமை பதினொன்று நாற்பத்திரண்டுக்குக் கையெழுத்து வந்து சேர்ந்தது. அதன் பிறகு மனுதாரர் காத்திருக்கவில்லை.

அந்தக் கையெழுத்து என்னுடையது. எந்த ஊசி என்று தெரியாமல் போட்டாலும் என்னுடையது. தெரிந்திருந்தால் அழுதுகொண்டு போட்டிருப்பேன், ஆனால் போட்டிருப்பேன். அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அமாவாசையன்று கலைப்பிரியாவுக்கு வெண்டைக்காய் வறுவலும் எலுமிச்சைச் சாதமும் படைத்தேன். மனுதாரர் போனது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் இலை ஓரத்தில் ஒரு கட்டுக் கொத்தமல்லி வைத்திருப்பேன்.

இனிமேல் எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.

தாசில்தாரைத் தனியாக விட்டால் அது சாப்பிடாது. டாக்டர் சொன்ன பத்து நாள் புதன்கிழமையோடு முடிகிறது. அன்று வரைக்கும் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருங்கள், கையால் ஊட்டிப் பாருங்கள். வியாழன் அன்று, அது இருந்தால் கூடையில் வைத்துக்கொண்டு வாருங்கள். இல்லாவிட்டாலும் வாருங்கள். அமாவாசை முடிந்துவிட்டது, பேருந்தில் இடம் இருக்கும். கண்டக்டர் கூடையில் யார் என்று கேட்டால் தாசில்தார் என்று சொல்லுங்கள். டிக்கெட் கேட்க மாட்டார். இறங்கியதும் காலைக் கழுவிக்கொள்ளுங்கள். வாசலில் வாளியில் தண்ணீர் வைத்திருப்பேன்.

அன்புடன்,
அத்தை

பி.கு.: நேரில் வருவதற்குப் பின்கோடு தேவையில்லை.